சாம்பல் போட்டுத் தேய்த்த குவாலி

என் வீட்டுக்காரர் செத்துப் பல வருஷம் ஆகிறது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன். அவர் உயிரோடு இருந்த காலத்தில் நான் வாய் திறந்து பேசியது கொஞ்சம். பேச வேண்டிய நேரத்தில் கதவுக்குப் பின்னால் போய் நிற்பதுதான் என் பழக்கம். இதையும் சொல்லாமல் போனால் என் கட்டை வேகாது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தேன். அதற்கப்புறம் அம்மாவோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போய்விட்டேன். அவருக்கு ரயிலில் ஃபயர்மேன் வேலை. எஞ்சின் வயிற்றில் நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட வேண்டும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகம் வரை போய்த் திரும்புவார். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. மாப்பிள்ளை ரயில்வே என்று என் அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வந்த முதல் வாரமே அவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"உங்கப்பா பன்னி தின்பாராமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மைதான். எப்போதாவது காட்டுப்பன்றி அடித்தால் அப்பா ஒரு பங்கு வாங்கி வருவார். லயத்துக்கு வெளியே தனி அடுப்பில், தனிச் சட்டியில் சமைப்போம்.

"நாங்க அதெல்லாம் தொடாத வம்சம். இந்த வீட்டுக்குள்ள அதோட வாசனைகூட வரக் கூடாது. தெரியுதா?"

தெரிந்தது. நான் மறக்கவும் இல்லை. மறக்காததால்தான் எல்லாம் வந்தது.

மூன்றாம் மாசத்திலிருந்து அவர் சாயங்காலச் சாப்பாட்டுக்கு வீட்டில் உட்காருவதை விட்டுவிட்டார். ஐந்து மணிக்கு வருவார். கரி போகத் தேய்த்துக் குளிப்பார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். அவர் எஞ்சினை ஓட்டுகிற டிரைவர் எங்கள் வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், என் வீட்டுக்காரரைவிடப் பத்து வயது மூத்தவர். டிரைவர் எங்கள் வாசலில் வந்து நின்று "போலாமா?" என்பார். இரண்டு பேரும் ரோட்டு முனைக்குப் போவார்கள். அங்கே ஒரு சீனன் தள்ளுவண்டியில் மீ என்கிற சீன நூடுல்ஸ் பிரட்டி விற்றான். மஞ்சள் மீ, இறால், சவிக் கீரை, தவ்கே என்கிற பயறு முளை எல்லாம் போட்டுப் பெரிய தீயில் பிரட்டுவான். டங் டங் என்று அவன் கரண்டி குவாலி என்கிற இரும்புச் சட்டியில் மோதுகிற சத்தம் என் அடுப்படி வரை வரும்.

நான் சோறு வடித்து, குழம்பு வைத்து, ஒரு பொரியல் செய்து மூடி வைத்திருப்பேன். புருஷன் சாப்பிடாமல் பெண்டாட்டி சாப்பிடக் கூடாது என்று என்னை வளர்த்திருந்தார்கள். அந்த டங் டங்கைக் கேட்டுக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருப்பேன். ஏழு மணிக்கு வந்து ஏப்பம் விட்டுவிட்டு, "நீ சாப்ட்டியா?" என்பார். சாப்பிட்டவர் கேட்கிற கேள்வி அது. அதற்கப்புறம் நான் ஆறிப்போன சோற்றைத் தின்பேன். கடையில் தின்றுவிட்டு வருகிறவனுக்காகப் பட்டினி கிடப்பதுபோலக் கேவலம் வேறு கிடையாது. அதைக் கேவலம் என்று சொல்லக்கூட எனக்கு அப்போது வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவரும் இன்னும் இரண்டு ரயில்வே ஆட்களும் எங்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காப்பியை எடுத்துக்கொண்டு கதவுவரை வந்துவிட்டேன். டிரைவர் கேட்டது காதில் விழுந்தது.

"ஏன்யா, நானாச்சும் பொண்டாட்டி இல்லாதவன், கடையில திங்கிறேன். உனக்கு என்ன கேடு? தங்கச்சி சமைக்க மாட்டாங்களா?"

"சமைக்கிறா அண்ணே, ஏன் சமைக்காம?" என்றார் என் வீட்டுக்காரர். "எங்க வீட்டு அடுப்புல புகை நல்லா வரும். தீதான் வராது. எல்லாத்தையும் போட்டு மூடி அவிச்சு வச்சுருவா. இவ கையில நம்ம எஞ்சினைக் குடுத்துப் பாருங்க, கிள்ளான்கூடப் போய்ச் சேராது."

"கிள்ளான் பொண்ணாச்சே!" என்றார் இன்னொருவர். "அம்மா வீடு வந்துருமேன்னு பாதியிலேயே நிறுத்திப்புடுவாங்களோ என்னமோ."

நாலு பேரும் சிரித்தார்கள். நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே திரும்பினேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். விடியுமுன் எழுந்து, அட்டைக் கடியில், இருட்டில் மரம் வெட்டப் போகிறபோது, மழையில் நனைந்த கட்டையை ஊதி ஊதித் தீ மூட்டிக் கஞ்சி வைத்தவள் நான். எனக்குத் தீ வராதாம். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை அவர் வாயாலேயே, அதே டிரைவர் முன்னாலேயே திரும்ப எடுக்க வைக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். வேறு நகையோ புடவையோ நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்க நினைத்தது அந்த ஒரு சொல்தான்.

எங்கள் பின்வாசலுக்குத் தினமும் காலையில் ஒரு சீனத்தி காய்கறி கொண்டுவருவாள். தோளில் காவடி மாதிரி மூங்கில் கழி, இரண்டு முனையிலும் கூடை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றோரத்தில் அவளுக்குத் தோட்டம் இருந்தது. எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் ஆசோ என்று கூப்பிடுவேன். அவள் என்னைத் தங்காச்சி என்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் பாசார் மலாய், சந்தையில் பேசுகிற மலாய், தெரியும். அது போதும்.

அவளிடம் கேட்கவே எனக்கு நாலு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"ஆசோ, எனக்கு மீ பிரட்டச் சொல்லித் தருவியா?"

தங்கப் பல் தெரியச் சிரித்தாள். "யாருக்கு? லாக்கிக்கா?"

லாக்கி என்றால் புருஷன். நான் தலையாட்டினேன்.

"அவன் எங்க தின்கிறான்?"

"கடையில."

"என் லாக்கி கடைக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. உன் ஆளாவது ஏப்பம் விட வீட்டுக்கு வர்றானே!" என்றாள்.

மறுநாள், அவர் வேலைக்குப் போன பிறகு, கூடைமேல் தன் குவாலியைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். நம்முடைய வாணலிதான், ஆனால் அகலமாக, ஆழமாக, அடி உருண்டையாக இருக்கும். உள்ளே அப்படி ஒரு கறுப்பு. எருமைத் தோலுக்கு எண்ணெய் தடவினதுபோல மினுமினுத்தது. அவள் ஒரு கை தண்ணீரைத் தெளித்துக் காட்டினாள். சேம்பிலையில் விழுந்ததுபோல உருண்டு ஓடியது. அவளுடைய மாமியார் கொடுத்ததாம். கப்பலில் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு வந்தாளாம்.

பின்கட்டில் மூன்று கல் வைத்து ரப்பர் விறகு அடுக்கினோம். அவள் மூட்டிய தீ என் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. நாம் வதக்குகிறோம், மூடி வைக்கிறோம், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே கிளறுகிறோம். இது அப்படியில்லை. சட்டி புகைய வேண்டும். பூண்டு, இறால், கீரைத் தண்டு, மீ, கடைசியில் தவ்கே. கரண்டி நிற்கவே கூடாது. நான் நிறுத்தினால் ஆசோ என் முழங்கையில் ஒரு அடி வைப்பாள். "செப்பாட்! செப்பாட்!" என்று கத்துவாள். சீக்கிரம் என்று அர்த்தம். முதல் நாள் கருக்கினேன். இரண்டாம் நாள் பயந்து தீயைக் குறைத்ததில் குழைந்துபோனது. மூன்றாம் நாள் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு ஞாபகம் வந்தது. கரண்டி தானாக ஓடியது. ஆசோ இந்தத் தடவை முழங்கையில் அடிக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் நின்றபடியே குவாலியிலிருந்து எடுத்துத் தின்றோம்.

அன்றைக்குத்தான் அவர் ஏன் கடைக்குப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் குறையவில்லை, கூடியது. இவ்வளவு ருசியைத் தினமும் தின்கிற மனுஷன், ஒரு நாள், ஒரே ஒரு நாள், இலையில் ஒரு பிடி கட்டி எனக்குக் கொண்டுவந்ததுண்டா?

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"சனிக்கிழமை வீட்டுல சாப்பிடுங்க. டிரைவர் அண்ணனையும் வரச் சொல்லுங்க."

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணன் பாவம்," என்று சிரித்தார். ஆனால் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆசோ குவாலியைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். தேய்க்காதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமா அது? நம் வீட்டுத் தோசைக்கல்லை யாராவது கேட்டால் நாம் இரவல் கொடுப்போமா? அப்படியே கொடுத்தாலும், "இதைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுராதே" என்று ஒரு பெண்ணிடம் சொல்லவா வேண்டும்? எனக்கும் தெரியும். எண்ணெய் குடித்த இரும்பைத் தேய்த்தால் அது செத்தது என்று தெரியும். பிறகு ஏன் தேய்த்தேன்?

அவள் போகிற நேரத்தில் என் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன்: "ஆசோ, இதுல பன்னி வறுப்பியா?"

"வறுக்காம? எல்லாம் வறுப்பேன்," என்று சொல்லிவிட்டுக் கழியைத் தோளில் வைத்தாள்.

அவ்வளவுதான். இந்த வீட்டுக்குள்ள அதோட வாசனைகூட வரக் கூடாது. அந்தக் குரல் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. குவாலியை முகர்ந்து பார்த்தேன். இரும்பும் எண்ணெயும் பூண்டும்தான் மணத்தன. இருந்தும் அந்தக் கறுப்பைப் பார்க்கப் பார்க்கப் பயம் வந்தது. அவருக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று நினைத்தேன். இதை எழுதும்போதே எனக்கு என்மேல் எரிகிறது. அடுப்புச் சாம்பலை அள்ளினேன். புளியைக் கரைத்தேன். தேங்காய் நார் எடுத்தேன். நாருக்கு வராத இடத்தைச் செங்கல் துண்டால் தேய்த்தேன். உச்சி வெயிலில் உட்கார்ந்தவள் அவருடைய வண்டி வரும் நேரம் வரை தேய்த்தேன். விரல் நகத்தில் ரத்தம் கட்டியது. கறுப்பு முழுதும் போய் மீன் வயிறுபோல வெள்ளை வெளேரென்று ஆனது. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தேன். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விடிந்து பார்த்தால் உள்ளே செம்மண் மாதிரி துரு பூத்திருந்தது. அதையும் தேய்த்தேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் குளித்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நான் தீயைப் பெரிதாக மூட்டினேன். எண்ணெய் புகைந்தது. பூண்டைப் போட்டேன். போட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கருகியது. இறாலைப் போட்டேன். பிரட்டினால் சதை இரும்போடு நின்றுவிட்டது. பதறி மீயைக் கொட்டினேன். அது பசை காய்ச்சினதுபோலச் சட்டியைப் பிடித்துக்கொண்டது. கரண்டியால் நெம்ப நெம்ப நூல் நூலாக அறுந்து கூழாகியது. நிறம் சாம்பலும் துருவுமாகக் கலங்கி, பச்சை இரும்பு வாடை எழும்பியது. "செப்பாட் செப்பாட்" என்று ஆசோ குரல் காதில் கேட்டது. எவ்வளவு வேகமாகச் செய்தும் என்ன? தீ இருந்தது. சட்டி இல்லை.

வேறு வைக்க நேரம் இல்லை. தட்டில் போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"என்னது இது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மீ."

"மீயா! நான் எஞ்சின் அடியில தினமும் வழிச்சுக் கொட்டுறது மாதிரி இருக்கு."

"விடப்பா," என்றார் டிரைவர். இரண்டு வாய் தின்றார். மூன்றாவது வாயைத் தண்ணீர் குடித்து முழுங்கினார். "உப்பு உறைப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு தங்கச்சி. கொஞ்சம் அடிபிடிச்சிருச்சு, அவ்வளவுதான்."

என் வீட்டுக்காரர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அந்த வீட்டில் அவர் அடுப்படிக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"இந்தச் சட்டி ஏது?"

"கீரைக்கார ஆசோது."

"சீனத்தி சட்டியா? பன்னி வறுக்குற சட்டியில எனக்கு ஆக்கிப் போடுறியா? தோட்டத்துப் புத்தி எங்க போகும்?"

"தேய்ச்சேங்க. நல்லா தேய்ச்சுட்டேன்," என்றேன். எனக்கே கேட்காத குரல்.

தட்டை எடுத்துப் பின்னால் கால்வாயில் கவிழ்த்தார். வாயைக் கொப்பளித்தார். சட்டையை மாட்டினார்.

"வாங்கண்ணே."

"எங்கடா?"

"எங்க போறது? கடைக்குத்தான். பசிக்குது."

டிரைவர் என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் டங் டங் என்று கேட்டது. அது அவர் தட்டுக்கான சத்தம். நான் பின்கட்டில் அந்த வெள்ளைக் குவாலியோடு உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அழவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

ஞாயிறு காலையில் ஆசோ வந்தாள். குவாலியை நான் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கித் திருப்பினாள். ஒரு விரலை உள்ளே வைத்து மெதுவாக இழுத்தாள். பிறகு சீனத்தில் என்னென்னவோ கத்தினாள். ஒரு சொல்லும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. கூடையைக் காலால் உதைத்தாள். கத்தரிக்காய் முற்றம் முழுக்க உருண்டது. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னேன். என் லாக்கி பன்னி தொடமாட்டான், அதனால் தேய்த்தேன், அப்படியும் தட்டைக் கொட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான் என்று.

ஆசோ கத்துவதை நிறுத்தினாள்.

"எந்தக் கடை? முனையில இருக்கிற கடையா?"

"ஆமாம்."

"அந்தக் கடைக்குக் கீரை போடுறதே நான்தான். அவன் எதுல வறுக்கிறான்னு நினைச்சே? மின்யாக் பாபி!" என்றாள். பன்றிக் கொழுப்பு உருக்கிய எண்ணெய். "அவன் குவாலி என் குவாலியைவிடக் கறுப்பு. உன் லாக்கி தினமும் நக்குறது அதைத்தான்."

நான் கையில் கத்தரிக்காயோடு அப்படியே நின்றேன். அந்த நிமிஷத்துக் கோபத்தை இந்த வயதிலும் என்னால் உள்ளங்கையில் வைத்துக் காட்ட முடியும். வெயிலில் உட்கார்ந்து நான் தேய்த்தது எதை? ஒரு நல்ல மனுஷியின் மாமியார் கொடுத்த சொத்தை. யாருக்காக? அதே கொழுப்பைத் தினமும் தின்று ஏப்பம் விடுகிறவருக்காக.

வீட்டுக்குள் போனேன். என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தவலையை எடுத்துவந்து ஆசோ முன்னால் வைத்தேன். அப்பா கடன்பட்டு வாங்கியது. "நான் கெடுத்ததுக்கு இது," என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. தட்டிப் பார்த்துவிட்டுக் கூடையில் வைத்துக்கொண்டாள். "அப்ப இது உன்னுது," என்று குவாலியை என் பக்கம் தள்ளினாள். "ஆனா இப்ப இது செத்துக் கிடக்கு. எழுப்பணும்."

மறுநாள் ஒரு துண்டுப் பன்றிக் கொழுப்பும் ஒரு கட்டு குச்சாயும் கொண்டுவந்தாள். குச்சாய் என்பது வெங்காயத்தாள் மாதிரி ஒரு கீரை. குவாலியைக் காயவிட்டு, கொழுப்பைப் போட்டு உருக்கி, அந்தக் கீரைக் கட்டால் உள்ளே முழுக்கத் தேய்க்க வேண்டும். புகையும். துடைத்துவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். வாசனைகூட வரக் கூடாது என்று சொன்ன வீட்டில், அவர் கரி அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், என் கையாலேயே தேய்த்தேன். ஏழு நாள் காலையில் இப்படிச் செய்தேன். முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் அந்தக் கறுப்பு திரும்ப வந்தது. ஒரு கை தண்ணீர் தெளித்தேன். உருண்டு ஓடியது.

அதற்கடுத்த நாள் சாயங்காலம், அவர் குளியலறையில் இருந்தபோது, பின்கட்டில் தீயை மூட்டினேன். பூண்டு, இறால், சவி, மீ, தவ்கே. பத்து மூச்சில் முடிந்தது. இறக்கி வைத்து, நின்றபடியே தின்ன ஆரம்பித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு முன்னால் நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். நாக்கு சுட்டது. சுடட்டும் என்று தின்றேன்.

வாசனைக்கு அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றார்.

"என்ன அது?"

"மீ."

"எனக்கு?"

"உங்களுக்குச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வச்சிருக்கு."

"அது கெடக்கட்டும். இதுல ஒரு வாய் போடு."

"இது பன்னிக் கொழுப்பு தடவுன சட்டி," என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க திங்கிற கடையில இருக்கிற மாதிரியே. கடையில அதுலதான் வறுக்கிறான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட நான் அவரை மன்னித்திருப்பேன்.

"தெரியும். அதுக்கு என்ன இப்ப?" என்றார். "கடையில திங்கிறது வேற. வீடுன்னா வேற."

"அப்ப நான் தேய்ச்சது?"

அவர் அடுத்த பொத்தானை மாட்டினார். வாசலில் டிரைவர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அண்ணன் வந்துட்டாரு. அவர் முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. இவ அடுப்புல தீ இருக்குன்னு. அன்னைக்கு அவர் முன்னாலதானே இல்லைன்னு சொன்னீங்க? சொல்லிட்டு வந்து உட்காருங்க. உங்களுக்கு வேற சட்டியில, நல்லெண்ணெய் விட்டு, சுடச்சுடப் பிரட்டிப் போடுறேன்."

அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் என் தீயைப் பார்த்தார். எஞ்சின்காரர், அவருக்குத் தெரியும் அது என்ன தீ என்று. வாய் அசைந்தது. நான் காத்துக்கொண்டு நின்றேன்.

வாசலிலிருந்து டிரைவர் குரல் வந்தது. "என்னய்யா, வாசனை ஆளையே தூக்குது! தங்கச்சியா?"

"இல்லண்ணே," என்றார் என் வீட்டுக்காரர். கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே முன்பக்கம் நடந்தார். "பக்கத்து வீட்டுலருந்து வருது. வாங்க போலாம்."

நான் மிச்சத்தையும் தின்று முடித்தேன். தண்ணீர் மட்டும் ஊற்றிக் குவாலியைக் கழுவி, எண்ணெய் தடவி மாட்டினேன்.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்குச் சமைத்தேன். ஜப்பான்காரன் காலத்தில் கடை போனது. மரவள்ளிக் கிழங்கை அவித்துப் போட்டேன், பேசாமல் தின்றார். பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்குக் குவாலியில் பிரட்டினேன். ஆசோவுக்குப் பிரட்டினேன், அவள் சாகும்வரை என் பின்வாசலில் உட்கார்ந்து தின்றாள். டிரைவர் அண்ணனுக்குக்கூட ஒரு தட்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை. சோறு, குழம்பு, ரசம், கூட்டு, என்ன கேட்டாலும் செய்தேன், பட்டினி போடவில்லை. வேலையை விட்ட பிறகு ஒரு நாள், படுக்கையில் இருந்தபடி, "அந்த மீ..." என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி இருந்தார்கள். "சொல்லுங்க," என்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியும். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். ஒரு சொல். அரை மூச்சு கூடப் பிடிக்காத ஒரு சொல். அதைச் சொல்லாமலிருக்க அவர் முப்பது வருஷம் ஆசையை அடக்கிக்கொண்டார் என்றால், என் தீயைவிட அவருக்கு அவர் சொல் பெரிது. எனக்கும் அப்படித்தான்.

வருஷா வருஷம் அவர் திதிக்குப் பிள்ளைகள் படையல் போடுகிறார்கள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று மீ பொட்டலம் வாங்கி வருகிறார்கள். பெரிய மகள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"ஏம்மா, உங்க கை மீ திங்க ஊரே வருது. அப்பாவுக்கு மட்டும் கடையில வாங்கணுமா?"

"கடையிலயே வாங்கு. அவருக்கு அதுதான் பிடிக்கும்," என்பேன்.

இலையில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து வைப்பார்கள். சூடம் காட்டி முடிப்பதற்குள் அது ஆறிக் கெட்டியாகிவிடும். நான் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பசிக்குமே என்று பின்கட்டுக்குப் போய், குவாலியை இறக்கி, தீயைப் பெரிதாக வைப்பேன்.